முப்பது என்று போட்டிருந்தது

மார்கழி 14, ஞாயிறு

இன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், நான், என் தம்பி தாணுமாலயன், அவருடைய அக்காள் பிச்சம்மை மதினி. வேறு யாரும் இல்லை. பால்காரர் வாசலோடு போய்விட்டார்.

தாணு கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்திருந்தான். மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் இப்போது அவன்தான் மேற்பார்வை. தை மாதம் இவர் பொதிகை உச்சிக்கு அகத்தியரைப் பார்க்கப் போவதற்காக ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தான். கேட்டது நான்தான்.

மலைக்கென்று இவருக்கு ஓர் உடுப்பு உண்டு, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. முழங்கால்வரை தொங்கும் காக்கி டிரவுசர். கித்தான் பை. அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காலில் சுற்றும் பட்டித்துணி. வெள்ளைக்காரன் காலத்து வட்டத் தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முரட்டுக் கறுப்புக் கம்பளி. கூடப் போகிறவர்கள் துரை என்றே கூப்பிடுவார்கள். ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ அந்தப் படத்தைப் போனில் காட்டப் பந்தியே சிரித்தது. "ஒங்க வீட்டுக்காரரு புலி வேட்டைக்கா போறாக? புலி சிரிச்சே செத்துரும்" என்றாள் பக்கத்து இலைக்காரி. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து தாணுவுக்குப் போன் போட்டேன்.

தாணு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "இது கால்சட்ட அத்தான். நனைஞ்சாலும் சட்டுனு காஞ்சிரும்."

"வெலயக் கேட்டாலே காஞ்சிருமே" என்றாள் மதினி.

மடக்குகிற கம்பு, இடுப்போடு கட்டும் பை, அட்டை கடிக்காத நீள சாக்ஸ். நெற்றியில் மாட்டும் லைட்டை இவருக்கு மாட்டிவிட்டான். இவர் மதினி பக்கம் திரும்பினார். "நெத்திக்கண்ணத் தொறக்காத தம்பி, குடும்பத்தோட எரிஞ்சிருவோம்" என்று மதினி கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் மழைக்கோட்டு. ஆகாச நீலம். தாணு அதன் கையில் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றினான். சேம்பிலையில் ஓடுகிற மாதிரி உருண்டு தரையில் விழுந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த நாளில்கூட அப்படி நின்றதில்லை.

"எல்லாஞ் சரி மாப்ள. கம்பளியில சூடு உண்டு. இதுல சூடு எங்க இருக்கு?" என்றார் இவர்.

"சூடு ஒங்க ஒடம்புல இருக்கு அத்தான். மழ உள்ள வராம பாத்துக்கிடது மட்டுந்தான் இதுக்கு வேல."

சாப்பிடும்போது பூதப்பாண்டிப் பெண் பேச்சு வந்தது. மீனலோசனி என்று பெயர். மதினிக்குத் தூரத்து உறவு, மதினிதான் கொண்டுவந்த இடம். தாணுவுக்கு முப்பத்துநாலு ஆகிறது. முன்னே இரண்டு வேலையை விட்டுவிட்டு வந்தவன் என்று ஒரு பெயர், அதனால் ஒன்றும் அமையவில்லை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான் இடுப்பில் வைத்து வளர்த்தவன் அவன். இவர் போய் முன்னே உட்கார்ந்து பேசினால்தான் பேச்சு. "மலையிலருந்து எறங்கினதும் போவோம்" என்றார். தாணு இரண்டாம் தடவை ரசம் கேட்டான்.

மார்கழி 16, செவ்வாய்

திருப்பள்ளியெழுச்சிக்குப் போய் வந்து மலைச் சாமான்களைச் சுத்தம் செய்தேன். எத்தனை பேர் கைபட்டதோ, எந்தக் கிட்டங்கியில் கிடந்ததோ. உச்சியில் தன் கையால் அகத்தியருக்குப் பால் ஊற்றுகிறவர், கடைத்துணியை நனைக்காமல் உடுத்துக்கொண்டு நிற்பதா?

கோட்டின் கழுத்துக்குள் ஒரு வெள்ளைச் சீட்டு தைத்திருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் மருந்துப்பெட்டியோ மாவுப்பையோ எழுத்துக் கூட்டிப் படிக்காமல் நான் எதையும் உபயோகிப்பதில்லை. இவர் என்னை வீட்டு வாத்தியார் என்பார். சீட்டில் ஒரு தொட்டிப் படம். தொட்டிக்குள் 30 என்று போட்டு, அதன் தலையில் பொடியாக ஒரு சுழி. அரை மணி ஊறவேண்டும். படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அண்டாவில் கொதிக்கும் வெந்நீர் வைத்து, சலவைச் சோடா போட்டு ஊறவைத்தேன். கோட்டின் உள்பக்கம் மாவு மாதிரி உதிர்ந்தது. கடைப்பசையாக இருக்கும். அது போகிறவரைக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கஞ்சி போட்டும் பார்த்தேன், பிடிக்கவில்லை.

சலவைச் சோடா தீர்ந்தது. விறகும் கூடுதலாகச் செலவு.

மார்கழி 18, வியாழன்

கோட்டு காய்ந்துவிட்டது. ஓரத்தில் மஞ்சள் தொட்டுச் சாமி முன்னால் வைத்து எடுத்தேன். முன்பு மொடமொடவென்று இருந்தது, இப்போது துணி மாதிரி மெதுவாக இருக்கிறது.

தை 7, திங்கள்

காலையில் கிளம்பிப் போனார். கூடப் போகிறவர்கள் சண்முகவேல் அண்ணாச்சியும் இன்னும் இரண்டு பேரும். கேரளப் பக்கமாகப் போய் ஏறுகிறார்கள்.

நேற்றே பையை அவராக அடுக்கி வைத்திருந்தார், ஒரே கோணல். நான் பிரித்து மறுபடியும் அடுக்கினேன். புளியோதரை, நெல்லிக்காய், திருநீறு, மாத்திரை. கம்பளி இல்லாவிட்டால் பை பாதிக் கனம். அதைப் பரணில் போட்டேன்.

வாசலில் நின்று, "எல்லாம் வச்சிட்டியா உலகு? கம்பளி?" என்றார்.

"இருக்கு."

புது உடுப்பில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

தை 9, புதன்

மதியத்திலிருந்து மழை. தையில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. மொட்டைமாடியில் கிடந்த மோர்மிளகாய் நனைந்து வீணாயிற்று. அவருக்குக் கோட்டு இருக்கிறது.

தை 10, வியாழன்

சண்முகவேல் அண்ணாச்சி போன் செய்தார். "தாயி, பயப்படாதிய. ஒங்க வீட்டு அண்ணாச்சிக்கு உச்சியில கூதல் கண்டுட்டு. ஒதடு நீலம் பாரிச்சிப் போச்சு. போர்வையில வச்சிக் கொண்டாந்தோம். திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில சேத்தாச்சு."

"மழைக்கோட்டு இருந்துதே அண்ணாச்சி."

"கோட்டா அது, வடிகட்டியா? எங்க கோட்டெல்லாம் தாங்கிச்சு. அவுகளுது உள்ள சட்டையப் பிழிஞ்சா தண்ணி கொட்டுது."

மதினியும் நானும் கார் வைத்துப் புறப்படுகிறோம். சாமிக்கு விளக்கு மதினிதான் ஏற்றினாள்.

தை 12, சனி

நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். மூக்கில் குழாய். என்னைத் தெரிகிறது, பேச்சு இல்லை.

கட்டில் காலில் ஒரு அட்டை தொங்குகிறது. வேறு வேலை இல்லாததால் படித்தேன். தேதி, நேரம், 103. அந்த 103-இன் தலையில் பொடியாக ஒரு சுழி. அடுத்த வரியிலும் சுழி. மருந்து போட வந்த நர்ஸ் பெண்ணிடம், "இது என்னம்மா, நம்பருக்கு மேல?" என்று கேட்டேன்.

"டிகிரி அம்மா. சூடு எவ்வளவுன்னு எழுதறது."

"நேரம் இல்லையா?"

"நேரம் இந்தப் பக்கம் தனியா இருக்கே."

கோட்டுச் சீட்டில் முப்பதுக்கு மேலேயும் இதே சுழிதான். தண்ணீர் முப்பது டிகிரி என்றால் எவ்வளவு சூடு என்று அவளையே கேட்டேன். தண்ணீருக்குச் செல்சியஸ் கணக்கு, அதில் முப்பது வெதுவெதுப்புக்கும் கீழே, கை பொறுக்கிற சூடு என்றாள். எதற்கு அம்மா என்றாள். சும்மா என்றேன்.

வெளியே குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன். மதினி, "அழுதியா?" என்றாள். தூசி என்றேன்.

தை 13, ஞாயிறு

பதிகம் படிக்க உட்கார்ந்தேன். ஓடவில்லை. ஆஸ்பத்திரிச் சாம்பாரில் தேங்காய் அதிகம்.

தை 18, வெள்ளி

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். அவருக்குப் பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இனி மலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். பாபநாசம் கோயிலில் சாமிக்கும் உலகம்மைக்கும் அர்ச்சனை சொல்லி அனுப்பினேன்.

மாலையில் மதினி ஆரம்பித்தாள். "தாணு தள்ளிவிட்டது போலிச் சாமான். கடையில விக்காமக் கெடந்தத மாமன் மச்சான் தலையில கெட்டிட்டான். அவன் கொணந்தப்பமே எனக்குத் தெரியும்."

"அப்பிடிச் செய்வானாக்கா?" என்றார் இவர்.

"பெறகு மத்தவன் கோட்டெல்லாம் தாங்கிச்சு, ஒனக்கு மட்டும் ஏன் ஒழுகுது?"

இவர் என்னைப் பார்த்தார். பால் பொங்குகிறது என்று உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை.

தை 21, திங்கள்

தாணு மதியம் வந்தான். கையில் ஆரஞ்சும் ஹார்லிக்சும். இவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. நடையிலேயே நின்றான்.

"ஒன்ன நம்பித்தான் மாப்ள ஏறினேன். காசு முக்கியமில்ல. இது ஒழுகுமா ஒழுகாதான்னு பாத்து வாங்குத பொறுப்பு வேண்டாமா?" மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நாளைக்கிப் பூதப்பாண்டியில போயி, பய பொறுப்பானவன்னு நான் எந்த வாயால சொல்ல?"

"அந்தக் கோட்ட ஒருக்கப் பாக்கட்டுமா அத்தான்?"

மதினி கொண்டுவந்து போட்டாள். உள்பக்கம் திருப்பினான். வெயிலில் தோல் உரிந்த மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தான், மாவு உதிர்ந்தது. ஓரத்து மஞ்சளைத் தொட்டான். அடுக்களை வாசலில் நான் நின்றேன். என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தப்புதான் அத்தான். நான் சரியாப் பாக்கல" என்றான்.

"பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றாள் மதினி.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். "இல்லக்கா, பஸ்ஸு இருக்கு" என்றான். கோட்டைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான். "இது இங்க கெடக்க வேண்டாம்." அதை ஏன் எடுத்துப்போனான் என்று தெரியவில்லை.

தை 22, செவ்வாய்

தெரியும்.

தை 28, திங்கள்

பூதப்பாண்டியிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மதினி போனில் விவரம் சொன்னாளாம். சொந்த அக்காள் புருஷனுக்கே போலியை விற்றவன் நாளைக்குப் பெண்டாட்டியை என்ன செய்வான் என்று பெண்ணின் அப்பா கேட்டாராம். மதினி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், கீரை ஆய்ந்துகொண்டே.

தாணுவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை.

நான்கு நாளாக இவருக்குக் கஞ்சியும் துவையலும்தான். இன்று கொஞ்சம் பருப்பு கேட்டார்.

மாசி 3, வெள்ளி

சோமவார விரதம் பிடித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு. இவர் மூச்சு வாங்காமல் நடந்தால் பால்குடம் என்று வேண்டியிருக்கிறேன். தாணுவுக்கு வேறு நல்ல இடம் அமைந்தால் அன்னதானம்.

வீட்டுச் செலவை எழுதுகிற மாதிரி இதையும் எழுதிப் பார்த்தேன். நேர்ச்சைகள் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகின்றன. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு வரி. அது குறைகிறதாகக் காணோம். சாமிக்குத் தெரியும். தாணுவுக்குத் தெரியும். தெரியாத ஒருவர் அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். அவரைத் தாண்டிக் கோயிலுக்குப் போய் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

படிக்காதவள் என்று மதினி சிரிப்பாள். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தச் சிரிப்புக்காகத் தாணுவின் கல்யாணத்தை விட்டேன்.

மாசி 5, ஞாயிறு

இவர் பின்கட்டில் வெயிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி வீட்டில் இல்லை.

"என்னங்க, கோட்டு போலி இல்ல."

பேப்பரை இறக்கவில்லை. "பெறகு?"

"நான் கொதிக்க வெந்நீர்ல ஊறப்போட்டேன். சோடா போட்டு, பிரஷ் போட்டுத் தேச்சேன்."

பேப்பர் மடிக்கு வந்தது. "எதுக்கு?"

"சாமி முன்னால போடுத துணி. சீட்டுல முப்பதுன்னு போட்டிருந்துது. அரமணி ஊறணும்னு நெனச்சேன். அது சூட்டுக் கணக்காம். அதுக்கு மேல சூடு ஆகாதாம். ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது."

"ஆஸ்பத்திரியிலயே தெரிஞ்சுட்டா?"

"ஆமா."

"அப்பம் தாணு வந்தன்னைக்கி ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவனுக்கு?"

"உள்பக்கம் திருப்பினதுமே தெரிஞ்சிட்டு."

இருமல் வந்தது. தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கிக் கீழே வைத்தார்.

"கம்பளி?"

"நாந்தான் எடுத்துப் பரண்ல போட்டேன். ஒங்கள அதுல பாத்து ஊரே சிரிச்சுதுன்னு..."

"கூதல் தாங்காம பைக்குள்ள கைய விட்டுத் தேடினேன் உலகு. இருக்குன்னு நீ சொன்னியே, எங்கயோ அடியில கெடக்கும்னு எல்லாத்தையும் எடுத்துப் பாறையில போட்டுத் தேடினேன். சண்முகவேலு, புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சிட்டான்."

கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தேன். மறுபடியும் பிரித்து மடித்தேன்.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "தொவச்சது தெரியாமச் செஞ்சது" என்றார். "அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நம்ம வீட்டு நடையில அவன நிக்க வச்சுப் பேசினேன். நீ கேட்டுட்டு நின்ன. அதுக்கு என்னத்தக் கொண்டு வெளுக்கப் போற?"

சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். கை கழுவும்போது சொன்னார், "அக்காட்ட நீயே சொல்லு. ஒனக்காவ நான் சொல்லுத வேலையெல்லாம் வேண்டாம்."

மாசி 6, திங்கள்

மதினியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

"எட்டாங் கிளாஸ் இங்கிலீச வச்சிக்கிட்டு எங் கூடப்பொறந்தவன அண்டாவுல அவிச்சி எடுத்திருக்கியே." அதற்குப் பிறகு என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நடுவில் நிறுத்திவிட்டாள். "பூதப்பாண்டியில போலின்னு சொன்னது நாந்தான? இப்பம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாத்திச் சொல்ல?"

"நான் பேசுதேன் மதினி."

"நீயே பேசு. நான் பக்கத்துல இருக்கேன். வாய் கொழறுனா நான் வாங்கிக்கிடுதேன்."

விரதம் என்று சொல்லியும் கேட்காமல் எனக்கு ஒரு காபி போட்டு வைத்தாள். குடித்தேன். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மாசி 8, புதன்

பெண்ணின் அப்பாவோடு பேசினேன். தொட்டிப் படம், முப்பது, வெந்நீர், நடையில் நின்றது, எல்லாம். போன் அறுந்துவிட்டதோ என்று மதினி எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் கேட்டார். "அக்காளக் காட்டிக் குடுக்காம பழியத் தலையில ஏத்திக்கிட்டானா பய?"

"ஆமா அண்ணாச்சி."

"நாளைக்கி எம் பொண்ணுக்கும் தனக்கும் ஒரு விசயம்னா, அப்பமும் இப்பிடி வாய மூடிக்கிட்டு இருப்பானோ என்னவோ. இதுல எது நல்லதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல்ல." பக்கத்தில் யாரிடமோ பேசினார். ஒரு பெண் குரல் கேட்டது. பிறகு, "மீனா வரச் சொல்லுதா. ஆனா பையன் நேர்ல வந்து வாயத் தொறக்கணும்ங்கா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். வேற எடத்துலருந்தும் கேக்காவ, நான் எத்தன நாளு இழுத்துட்டிருக்க முடியும்?"

தாணு இன்னும் போன் எடுக்கவில்லை. மதினி போட்டாலும் எடுக்கவில்லை. இவர் போட்டார், அதற்கும் எடுக்கவில்லை. போனில் எழுத்துத் தட்டி அனுப்பினேன். பிழை இருந்தாலும் இருக்கட்டும் என்று இவரிடம் காட்டாமல் அனுப்பிவிட்டேன். அனுப்பியது இது:

தாணு, அக்கா எழுதுகிறேன். கோட்டை அவித்தது நான் என்று அத்தானிடமும் மதினியிடமும் பூதப்பாண்டியிலும் சொல்லிவிட்டேன். அன்றைக்கே நீ கண்டுபிடித்தது எனக்குத் தெரியும். நீ எனக்காக வாயை மூடிக்கொண்டாய், நானும் எனக்காகவே மூடிக்கொண்டேன். மன்னிப்பை இதில் கேட்கவில்லை, நேரில் கேட்க வேண்டியது அது. அத்தான் ஞாயிறு காலை பூதப்பாண்டிக்குப் புறப்படுகிறார்கள். மூச்சு வாங்குகிறதே என்றால் கேட்கவில்லை, கார் சொல்லியாகிவிட்டது. நீ இல்லாமல் அவர்கள் மட்டும் போய்ப் பேசி ஒன்றும் ஆகாது. பெண் உன்னைத்தான் வரச் சொல்கிறாள். என்மேல் கோபம் இருந்தால் அதோடேயே வா. வருகிறாயா இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும். சீக்கிரம் பதில் போடு.